ஆராய்ச்சிக்கு ஒரு ரசீது

தஞ்சாவூர்ப் பக்கம் நன்கொடை கேட்கப் போகிறவன் முதலில் பார்க்க வேண்டியது மேட்டூர் நீர்மட்டத்தை. ஜூன் 12ஆம் தேதி அணை திறந்தால் குறுவை உண்டு. குறுவை உண்டென்றால் ஐப்பசியில் ஊர் கொஞ்சம் கலகலப்பாக இருக்கும். சம்பா, தாளடி அறுவடை முடிந்து கொள்முதல் பணம் வங்கிக் கணக்கில் ஏறுகிற மாசி, பங்குனியில்தான் ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். 2012 தொடங்கி 2019 வரை எட்டு வருஷம் அந்த ஜூன் 12 தவறிப்போனது. அந்த நாட்களில் மிராசுதார் வீட்டுத் திண்ணையில் மோர் கிடைத்தது, காசோலை கிடைக்கவில்லை.

அதற்கு முன்னால் ஓர் உரக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியாக இந்த ஊர்களையெல்லாம் சுற்றியவன் நான். திருவையாறு, பாபநாசம், அம்மாபேட்டை, மன்னார்குடி என்று எந்த மண்டியில் யார் நாணயஸ்தர், யார் இழுத்தடிப்பார் என்பது தெரியும். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் ஒரு சிறிய அறக்கட்டளை என்னை வேலைக்கு எடுத்தது. முதுகுத் தண்டுவடம் அடிபட்டுக் கை கால் செயலிழந்தவர்களின் வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுப்பது அதன் வேலை. பணம் திரட்டுவது என் வேலை.

இங்கே தண்டுவடம் எப்படியெல்லாம் அடிபடுகிறது என்பதற்கு ஊர்வாரியாகக் கணக்குச் சொல்லலாம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் என்றால் தென்னை மரம். நெல் விளையும் பக்கம் என்றால் கொள்முதல் நிலையம்: நாற்பது கிலோ சிப்பத்தைத் தலையில் வைத்துக்கொண்டு லாரிக்குப் போட்ட பலகையில் ஏறுகிறவர் கால் சறுக்கினால், மூட்டையின் கனம் மொத்தமும் கழுத்தில் இறங்கும். தஞ்சாவூர் நகரத்துப் பிள்ளைகளுக்குப் புதாறு என்கிற கல்லணைக் கால்வாய். தண்ணீர் விட்ட சந்தோஷத்தில் பாலத்துக் கட்டையிலிருந்து தலைகீழாகக் குதிப்பார்கள், அடியில் இடுப்பளவு தண்ணீர்தான் இருக்கும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்துவிட்டுப் போனபின் ஓடு மாற்றவும், சாய்ந்த மரத்தை அறுக்கவும் ஏறி விழுந்தவர்கள் தனிக் கணக்கு. இதையெல்லாம் மிஞ்சுவது சாலையில் இரு சக்கர வாகனம். ஏறக்குறைய எல்லாரும் சம்பாதிக்கிற வயசு ஆண்கள்.

இவர்களுக்காகக் கேட்டால் டெல்டாவில் இல்லை என்று சொல்கிறவர் குறைவு. என்ன கேட்கிறோம் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

கும்பகோணம் பக்கம் ஓர் அரிசி ஆலை முதலாளி. நெல் அவிக்கிற வாசனை அலுவலக அறை வரைக்கும் வரும். மேசையில் மாதிரி அரிசிப் பொட்டலங்கள், சுவரில் அப்பாவின் படம், படத்துக்கு அன்றைக்குக் கட்டிய கதம்பம். தண்டுவடக் காயம் பற்றிய ஆய்வுக்கு ஏதாவது செய்யுங்கள் என்று ஆரம்பித்தேன். அவர் ஒரு பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டி, நொய்யை ஒதுக்கிக்கொண்டே கேட்டார்.

"ஆராய்ச்சிக்கா? அதெல்லாம் அமெரிக்காக்காரன் பாத்துக்குவான் சார். நீங்க பத்து வீல்சேர் எழுதிக்குங்க. முதுகுப் பக்கம் அப்பா பேரு பெரிசா வரணும்."

எழுதிக்கொண்டேன். மறுத்துவிட்டு வருவதற்கு நான் சித்தர் இல்லை. அன்றே காசோலையும் கொடுத்தார், நல்ல மனிதர்.

அந்த நாற்காலிகள் வீடு போய்ச் சேர்ந்தபின் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளியைத் தள்ளிக்கொண்டு போவதற்கென்று செய்த மடக்கு நாற்காலி அது. எல்லாருக்கும் ஒரே அகலம், தொய்ந்துபோகும் ரெக்சின் இருக்கை. ஒல்லியான ஆள் உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சாய்வார், சாய்ந்த பக்கத்துப் பிட்டத்து எலும்பில் புண் வரும். அவருக்கு அங்கே உணர்ச்சி இல்லை, வலிக்காது. வேட்டியில் ஈரம் பட்டு, வாடை வந்தபின்தான் வீட்டில் பார்ப்பார்கள். அதற்குள் எலும்பு தெரியும். இது போக, நிலைப்படி தாண்டாது, களிமண் தெருவில் மழைக்காலத்தில் முன் சக்கரம் புதைந்துவிடும். ஒரு வீட்டில் அந்த நாற்காலியில் கருவடாம் காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். அப்பா பேர் மட்டும் பளிச்சென்று இருந்தது.

எப்படிப்பட்ட நாற்காலி, யாருக்கு, எந்த அகலத்தில், எந்தத் தெருவுக்கு? இதுவும் ஆராய்ச்சிதான். இதற்குப் பதில் தேடியவர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள். ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் நடத்தும், டிடிகே பெயர் தாங்கிய மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையம், உட்கார்ந்தபடியே தானாக நெம்பி எழுந்து நிற்க உதவும் 'அரைஸ்' என்ற நாற்காலியை 2019 நவம்பரில் வெளியிட்டது. விலை சுமார் 15,000 ரூபாய் என்றார்கள். வெளிநாட்டில் இப்படி ஒன்று வாங்க லட்சங்கள் வேண்டும். அந்த ஆய்வுக்குக் கைகொடுத்தது இங்கிலாந்தின் வெல்கம் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை. அதே மையத்திலிருந்து கிளைத்த நியோமோஷன் நிறுவனம், அவரவர் உடம்பு அளவுக்குச் செய்து தரும் நாற்காலியையும், அதன் முன்னால் பூட்டிக்கொண்டு சாலையில் ஓட்டிப் போகும் மோட்டார் இணைப்பையும் கொண்டுவந்தது. தினமும் கொஞ்ச நேரம் நிற்க முடிந்தால் ரத்த ஓட்டத்துக்கும் சீரணத்துக்கும் நல்லது, பிட்டத்துக்கும் ஓய்வு. லண்டனில் யாரோ ஒப்புதல் அளித்த பணம் பேராவூரணியில் ஒருவரை எழுப்பி நிறுத்தும் என்பதை ஆலை முதலாளிக்குச் சொன்னேன். "அப்ப அந்த சேர்லயே பேர் போட்டுக் குடுங்களேன்" என்றார்.

ஆராய்ச்சி என்றால் நம் ஆட்களுக்கு ஒரே படம்தான்: வெள்ளைக் கோட்டுப் போட்டவர் ஊசி போடுவார், படுத்திருந்தவன் எழுந்து நடப்பான். உண்மையில், தண்டுவடம் அடிபட்டவர்களின் ஆயுளைக் கூட்டிய ஆராய்ச்சிகளில் நடப்பதைப் பற்றியது எதுவும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் இந்தக் காயம் பட்டவர்களில் பெரும்பாலானவர்கள் ஓரிரு வருஷத்துக்குள் போய்விடுவார்கள். கொன்றது காயம் அல்ல, படுக்கைப்புண்ணும் சிறுநீரகக் கோளாறும். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தே தீர வேண்டும் என்று இரவு பகலாக நின்றார். சாவு குறைந்தது. 1972இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜாக் லேபிடஸ் இன்னொன்றைச் சொன்னார். சிறுநீர்ப் பையில் நிரந்தரமாக டியூப் செருகி வைக்க வேண்டாம். நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியே டியூபைச் செலுத்திச் சிறுநீரை வடித்துவிட்டு எடுத்துவிடலாம். அதற்கு ஆஸ்பத்திரிச் சுத்தம் தேவையில்லை, கை சுத்தமாக இருந்தால் போதும். அன்றைய மருத்துவர்களுக்கு அது அபசாரமாகப் பட்டது. இன்று உலகம் முழுக்க அதுதான் நடைமுறை. ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கூரை வீட்டில், கழுவிய டியூபைச் சுத்தமான டப்பாவில் போட்டுத் தலைமாட்டில் வைத்திருக்கும் முன்னாள் சுமைதூக்கும் தொழிலாளி ஒருவருக்கு லேபிடஸ் பெயர் தெரியாது. பல வருஷமாகக் காய்ச்சல் வராமல் இருக்கிறார்.

அந்த முறையை அவருக்குப் பழக்கிவிட்ட எங்கள் பிசியோதெரபிஸ்ட் வேலை கற்றது வேலூரில், சிஎம்சியின் பாகாயம் மறுவாழ்வு நிலையத்தில். அதை உருவாக்கியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார், 1966இல் அந்த நிலையம் திறந்தது. தெற்கே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். டெல்லியில் இந்திய முதுகுத்தண்டுக் காய மையத்தை எழுப்பிய மேஜர் அலுவாலியா, எவரெஸ்ட் ஏறிய அதே 1965இல் போரில் கழுத்தில் குண்டு பட்டவர். அடிபட்டவர்களே இந்தத் துறையைக் கட்டியிருக்கிறார்கள். பட்டவருக்குத்தானே எது வேண்டும் என்று தெரியும்.

இனி, என் தொழிலிலேயே எனக்குப் பிடிக்காத பக்கம்.

ஆடி, ஆவணி மாதங்களில் பேராவூரணி வட்டாரத்தில் மொய் விருந்து நடக்கும். கறிச்சோறு போட்டு, வந்தவர்கள் எழுதும் மொய்யைச் சேர்த்து ஒரு காரியத்தை முடித்துக்கொள்வது. வட்டி கிடையாது, ஆனால் எழுதியவர் வீட்டு விருந்தில் திருப்பி எழுதியே ஆக வேண்டும். தென்னையிலிருந்து விழுந்த ஒரு பையனின் அப்பா அப்படி விருந்து வைத்தார். போதாததற்கு மூன்று மா நிலத்தையும் அடமானம் வைத்தார். எதற்கு? பெருநகரம் ஒன்றில் 'ஸ்டெம் செல்' ஊசி போட. புதிய ஆராய்ச்சிச் சிகிச்சை என்று சொல்லியிருக்கிறார்கள். தவணை தவணையாக லட்சங்கள். திரும்பி வந்தபின் பையனின் அம்மா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்: "பாருங்க தம்பி, காலு ஆடுது!" ஆடியது. போர்வையை எடுத்ததும் முழங்கால் வெடுக்கென்று மடங்கி நடுங்கியது. கூட வந்திருந்த பிசியோ ஒன்றும் சொல்லவில்லை. தெருவுக்கு வந்தபின்தான் சொன்னார், அது இழுப்பு. அடிபட்டபின் சில வாரம் கால் துவண்டு கிடக்கும், அந்த அதிர்ச்சி விலகினால் மூளையின் கட்டுப்பாடு இல்லாமல் தண்டுவடம் தன்பாட்டுக்குத் தசையைச் சுண்டும். ஊசி போட்டாலும் வரும், போடாவிட்டாலும் வரும்.

அவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. காரணம் இருக்கிறது. நறுக்குப்பட்ட விரல் நரம்பு தைத்தால் மெல்ல வளரும். மூளை, தண்டுவடத்து நரம்பிழைகள் அப்படி வளர்வதில்லை, சுற்றியுள்ள திசுவே வளரவிடாது. ஆனால் காயம் முழுமையாக இல்லாதவர்களுக்கு முதல் ஆறு மாதம், ஒரு வருஷத்தில் தானாகவே கொஞ்சம் அசைவு திரும்பும். அந்தச் சமயத்தில் ஊசி போட்டவர், எண்ணெய் தேய்த்தவர், மந்திரித்தவர் எல்லாருக்கும் அந்தப் பெயர் கிடைத்துவிடும். சிகிச்சை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் எது பலித்தது என்று தெரியும். பெரிய ஆட்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1990இல் ஓர் அமெரிக்க ஆய்வை நம்பி, அடிபட்ட எட்டு மணி நேரத்துக்குள் அதிக அளவு ஸ்டீராய்டு செலுத்துவது உலகமெங்கும் வழக்கமானது. மறுபடி கணக்கைக் கிளறிப் பார்த்தபின் நம்பிக்கை தேய்ந்து, 2013இல் அமெரிக்க நரம்பியல் அறுவை நிபுணர்களின் வழிகாட்டுதலே வேண்டாம் என்றது.

டெல்லி மையம் செய்த ஒரு காரியம் எனக்குப் பெரிதாகப் படுவது இதனால்தான். மூக்கின் உட்சவ்வுத் திசுவைத் தண்டுவடத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2009இல் முடிவை வெளியிட்டார்கள்: பெரும்பாலும் ஆபத்தில்லாமல் செய்ய முடிகிறது, ஆனால் இதனால்தான் பலன் கிடைத்தது என்று சொல்ல ஒன்றுமில்லை. பலிக்கவில்லை என்று அச்சிட்டுச் சொன்னதால் எத்தனை குடும்பத்து நிலம் தப்பியிருக்கும்! இதை ஒரு நன்கொடையாளர் கூட்டத்தில் சொன்னேன். முன் வரிசையில் இருந்த நகைக்கடைக்காரர், "காசு போட்டு இல்லைன்னு கண்டுபிடிக்கணுமா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் ரசம் சாதத்துக்குப் போய்விட்டார்.

தர்மப் பணம் வெளிநாடுகளில் எப்படி ஓடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். டேவிட் நிக்கல்ஸ் லண்டனில் பெரிய ஓட்டல் சமையற்கலைஞராக இருந்தவர். 2003இல் அவர் மகன் ஆஸ்திரேலியக் கடற்கரையில் மணல்மேட்டில் மோதிக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தான். அப்பா ஓர் அறக்கட்டளை வைத்து, பேராசிரியர் ஜெஃப்ரி ரைஸ்மனின் ஆய்வுக்குப் பணம் திரட்டினார். அந்த ஆய்வின் வழியில் போலந்து மருத்துவர்கள் அறுவை செய்த ஒருவர் நடைச்சட்டத்தைப் பிடித்து நடக்கத் தொடங்கியது 2014இல் செய்தியானது. ஒருவருக்கு நடந்ததை வைத்து எல்லாருக்கும் என்று சொல்ல முடியாது என்பதால் ஆய்வு தொடர்ந்தது. நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 1995இல் குதிரையிலிருந்து விழுந்தபின் அவர் பெயரில் வளர்ந்த அறக்கட்டளையும் அமெரிக்க அரசும் உதவிய ஓர் ஆய்வில், தண்டுவடத்தின் மேல் மின் தூண்டல் கருவி பொருத்தப்பட்ட ராப் சம்மர்ஸ் என்ற இளைஞர் துணை பிடித்து எழுந்து நின்றது 2011இல் வெளியானது. ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகம் செல்லை மாற்றியமைத்துச் செலுத்திப் பார்த்த முதல் நால்வரில் இருவருக்கு முன்னேற்றம் என்று 2025இல் அறிவித்தது. எங்கேயும் இதுவரை 'குணம்' என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. லாபத்தை நம்பி மட்டும் இது நடக்காது. கருமுளையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல் சிகிச்சையை 2010இல் முதலில் மனிதரிடம் சோதித்த ஜெரான் என்ற அமெரிக்கக் கம்பெனி, பணம் போதவில்லை என்று மறுவருஷமே நிறுத்திவிட்டது. கலிபோர்னியா மாநிலத்தின் பொதுப்பணம் வந்துதான் வேறொரு கம்பெனி வழியாக அது மறுபடி தொடங்கியது.

ஆராய்ச்சிக்குப் பணம் செலவழிப்பது எங்கள் ஊருக்குப் புதுசா? தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்பேடுகள் இருக்கின்றன, கண்ணை வண்ணத்தில் எழுதி, இன்ன நோய், இன்ன சிகிச்சை என்று. தன்வந்திரி மகால் வைத்துச் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஐரோப்பிய வைத்தியம் எல்லாவற்றையும் அவர் கைப்பார்த்துத் தேறியதை எழுதிவைக்கச் செய்தார், சரபேந்திர வைத்திய முறைகள் அப்படி வந்தவை. 1832இல் செத்துப்போன ராஜாவுக்கு ஆராய்ச்சிக்குச் செலவழிக்கத் தெரிந்திருந்தது. நான் கேட்கப் போகும் வீடுகளில் இதைச் சொன்னால் ஒரு நிமிஷம் அமைதி வரும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் மட்டும் கடைசிவரை கேட்டுவிட்டு, "எங்க அனுப்பணும், சொல்லுங்க" என்றார். ஐஐடியின் ஆய்வுக்கு நேரே அனுப்பச் சொன்னேன். எங்கள் ரசீதுப் புத்தகத்தில் அன்று ஒன்றும் கிழியவில்லை, எங்கள் குழுவில் இதற்கு முணுமுணுப்பு இருந்தது. நியாயம்தான், பிசியோவுக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

கூத்தாநல்லூரில் ஒரு பெரியவர் வேறு விதமாகத் தெளிவாக இருந்தார். "ஜகாத் ஏழை கையில சேரணும் தம்பி, ஆராய்ச்சிக்கு அதுலேர்ந்து தர முடியாது. சதகாவுலேர்ந்து தரேன்" என்று இரண்டு உறையாகப் பிரித்தே கொடுத்தார். கணக்கில் அவ்வளவு சுத்தம் நம் சட்டத்தில் இல்லை. ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுத்தால் வருமான வரியில் ஒரு காலத்தில் ஒன்றே முக்கால் மடங்கு கழித்துக்கொள்ளலாம். அது படிப்படியாகக் குறைந்து 2020 ஏப்ரலிலிருந்து கொடுத்த அளவுதான்.  அதே 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நிதிச் சட்டம் திருத்தப்பட்டு, ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்குத் தரக் கூடாது என்றானது. பெரிய அமைப்பின் கைபார்த்து நின்ற எங்களைப் போன்ற சின்ன அறக்கட்டளைகளுக்கு அன்றோடு அந்த வாய்க்கால் அடைபட்டது. கம்பெனிகளின் இரண்டு சதவீதச் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறது. ஆனால் மார்ச் 31க்குள் படம் எடுத்து அனுப்பக்கூடிய வேலையாக வேண்டும் என்பார்கள். தண்டுவட ஆய்வு எந்த மார்ச்சிலும் முடிவதில்லை.

இதைப் படிக்கிறவர்களில் கொடுக்கிறவர்களும் இருப்பீர்கள், அடிபட்டவர் வீட்டாரும் இருப்பீர்கள். இரண்டு பேருக்கும் ஒரே செய்திதான். உண்மையான மருத்துவ ஆய்வில் சேரும் நோயாளியிடம், சோதிக்கப்படும் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. ரத்த நோய்கள் போன்ற சிலவற்றுக்குத் தவிர ஸ்டெம் செல் சிகிச்சைக்கு அனுமதி இல்லை, மற்றதெல்லாம் ஆய்வாக மட்டுமே நடக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. இந்தியாவில் நடக்கும் மருந்து, சிகிச்சைச் சோதனைகளை மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம், கல்லூரியில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் பார்த்துச் சொல்லிவிடும். யாராவது ஆராய்ச்சி என்று சொல்லி உங்களிடம் லட்சம் கேட்டால், பதிவு எண் என்ன, நெறிமுறைக் குழு எது என்று கேளுங்கள். பதில் வரும்வரை நிலத்துப் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள், மொய் விருந்துக்குப் பத்திரிகை அடிக்காதீர்கள். கொடுக்க நினைக்கிறவர்கள் அடுத்த முறை பத்து நாற்காலி எழுதும்போது, ஒரு நாற்காலியின் விலையை ஆய்வுக்கு என்று தனியாக எழுதுங்கள். அதற்கும் ரசீது உண்டு.